சங்கர் கோட்டின் மேல் என் கோடு

தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு வெள்ளைத் தாளில் தேய்த்தால், அடியில் இருக்கும் படம் மேலே தெரியும். டிரேசிங் பேப்பர் வாங்கக் காசில்லாத எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்த வித்தை அத்துப்படி. தாள் என்பது நார்களின் பின்னல், நடுநடுவே காற்று. நாரிலும் காற்றிலும் மாறி மாறிப் புகும் வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் சிதறுவதால்தான் தாள் வெள்ளையாக இருக்கிறது, பின்னால் உள்ளதை மறைக்கிறது. எண்ணெய் ஏறக்குறைய நாரின் அளவுக்கே ஒளியை வளைக்கும். அது காற்றின் இடத்தை அடைத்துக்கொண்டால் சிதறல் குறைந்து, வெளிச்சம் ஊடுருவிப் போய்வரும். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: அடியில் வைத்த அம்புலிமாமா சிறுவர் பத்திரிகையில் எண்ணெய்க் கறை பட்டால் உதை விழும். புத்தகம் இரவல்.

அரிசி மில்லில் கணக்கு எழுதி ஓய்ந்தவன் நான். இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மறுபடி அதே வேலைதான். பழைய அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் போட்ட படங்களைப் படியெடுக்கிறேன். “ஏனுங்க, இந்த வயசுல பேய்ப் படம் போட்டு எந்த டீச்சர்கிட்டக் காட்டப் போறீங்க?” என்பாள் வீட்டுக்காரி.

அம்புலிமாமா 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கியது. நடத்தியவர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும். பத்து வருஷம் கழித்து ‘மாயாபஜார்’ எடுத்த அதே இரட்டையர். கே.சி. சிவசங்கரன் என்ற சங்கர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்து சுமார் அறுபது ஆண்டுகள் வரைந்தார். 1924இல் எங்கள் தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவில் பிறந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் படித்த சென்னை ஓவியக் கல்லூரியின் அன்றைய முதல்வர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி, மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பாரம் தூக்கும் உடம்பு எப்படி முறுக்கேறும் என்று அந்தச் சிலை சொல்கிறது. வேதாளம் புகுந்த பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு நடக்கும், சங்கர் வரைந்த விக்கிரமாதித்த ராஜாவிடமும் அதையே பார்க்கிறேன். அந்தப் பிணத்துக்குக் கனம் இருக்கிறது. சிறுவயதில் பயந்தது பேய்க்கு அல்ல, அந்தக் கனத்துக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வேதாளம் ராஜாவுக்குச் சொல்லும் மூலக் கதைகள் 25தான். அம்புலிமாமாக்காரர்கள் எங்கெங்கோ கிடந்த கதைகளையெல்லாம் வேதாளத்தின் வாயில் போட்டுப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். மாதாமாதம் வேதாளம் மரம் ஏறியது. ராஜாவும் சலிக்காமல் இறக்கினார். எங்களுக்கும் சலிக்கவில்லை. முடிவு முன்னமே தெரிந்த கதையில்தான் குழந்தைக்கு நிம்மதி.

பெரியவர்களுக்கென்று இப்போது வண்ணம் தீட்டும் புத்தகங்கள் வருகின்றன. பேத்தி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பூவும் சக்கரமுமாக அழகாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பூவோடு எனக்கு என்ன பழக்கம்?

“காப்பியடிப்பது கலையா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் எனக்கு வேறிடத்தில் கிடைத்தது. டொனால்ட் வின்னிகாட் என்ற இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர், கிழிந்த போர்வையையும் நைந்த பொம்மையையும் விடாமல் கட்டிக்கொள்ளும் குழந்தைகளைப் பற்றி 1953இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். அந்தப் போர்வை வெளியிலிருந்து வந்ததா, குழந்தை தானே மனதில் உண்டாக்கிக்கொண்டதா என்ற கேள்வியைப் பெரியவர்கள் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது என்கிறார். என் நோட்டில் உள்ள விக்கிரமாதித்தனும் அந்த ரகம். சங்கருடையதா, என்னுடையதா என்று கேட்காதவரை எனக்குச் சுகம். சொந்தமாக வரை என்றால் நன்றாக வர வேண்டுமே என்ற கவலை வந்துவிடும்.

சங்கர் 2020இல் காலமானார். பத்மஸ்ரீ அதற்கு அடுத்த ஆண்டுதான் அறிவித்தார்கள். தாமதம் நமக்குப் பழக்கம்.

யாராவது இப்படிப் படியெடுக்கத் தொடங்குவதாக இருந்தால்: ஜெல் பேனா வேண்டாம், அதில் கோடு முழுக்க ஒரே தடிமன். கட்டையில் செருகும் நிப்பும் டிராயிங் மையும் வாங்குங்கள். அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும். முதலில் மரத்தண்டு, பிறகு வேட்டி மடிப்பு, அப்புறம் கை. முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மையும் கையும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும்.