வாயில் புண், காதில் வலி

நாக்குப் புற்றுநோய் உள்ளவர்களில் சிலர், முதலில் காதுவலி என்றுதான் மருத்துவரிடம் போகிறார்கள். காதில் கோளாறு எதுவும் இருக்காது. நாக்கின் முன்பகுதி, கீழ்த்தாடை, காதின் முன்புறம் மூன்றிலும் உணர்ச்சி நரம்பாக ஓடுவது டிரைஜெமினல் நரம்பின் கீழ்க்கிளை. ஒரே கிளை வழியாக வரும் செய்தி எங்கே கிளம்பியது என்பதில் மூளை ஏமாந்துபோகிறது.

இதைவிடப் பெரிய புதிர் வேறு. சும்மா இருக்கும்போது பொறுத்துக்கொள்ள முடிகிற புண், ஒரு வாய் சோறு மென்றதும், நாலு வார்த்தை பேசியதும் உயிரை வாங்குகிறது. கட்டி சிறியதாக இருந்தும் வலி கடுமையாக இருப்பதுண்டு. அப்படியானால் வலி புண்ணின் அளவைப் பொறுத்தது மட்டுமல்ல. அந்த நரம்பே மாறிப்போயிருக்கிறது.

அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள வழிகாட்டியது மிளகாய். அது ஏன் எரிகிறது என்று தேடிப்போன அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு, டிஆர்பிவி1 என்ற உணர்வியை 1997-இல் கண்டறிந்தது. அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு நுனியில் இருக்கும் இந்த உணர்வி, மிளகாயின் காரத்துக்கும் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறக்கும். புற்றுச் செல்கள் சுரக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணி இந்த உணர்விகளைப் பெருக்குகிறது. கட்டியைச் சுற்றித் தேங்கும் அமிலம் அவை திறக்கும் வெப்ப அளவைக் கீழே இறக்குகிறது. வெதுவெதுப்பான ரசம்கூட நெருப்பாகிவிடும். கட்டி வெளியிடும் புரத நொதிகள் வேறொரு உணர்வியைத் தூண்ட, வெறும் தொடுதலே வலியாகிறது. மெல்லும்போதும் பேசும்போதும் நடப்பது இதுதான்.

நரம்பு இதில் வெறும் தூதனும் அல்ல. கட்டி உருவாகாமல் தடுக்கும் பி53 மரபணுவை இழந்த புற்றுச் செல்கள், உணர்ச்சி நரம்புகளின் இயல்பையே மாற்றிக் கட்டி வளர உதவச் செய்வதை 2020-இல் வெளியான எலி ஆய்வு காட்டியது. நரம்புறையைப் பிடித்துக்கொண்டு புற்று ஊர்ந்து பரவுவதும் உண்டு. பயாப்சி அறிக்கையில் அறுவை மருத்துவர்கள் கவனித்துப் பார்க்கும் வரிகளில் அதுவும் ஒன்று.

டிஆர்பிவி1 உணர்வியை அடைத்துவிட்டால் போதாதா? முயன்றார்கள், சில மருந்துகளில் காய்ச்சல்போல உடல் சூடு ஏறியது. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் மருந்து, மூட்டுவலிக்கான சோதனைகளில் சிலரின் மூட்டையே சிதைத்தது. மார்ஃபின் உதவுகிறது, ஆனால் நாளாக நாளாக அளவைக் கூட்ட வேண்டிவருகிறது. இப்போதைக்குக் கட்டியை அகற்றுவதோ சுருக்குவதோதான் வலிக்கும் நல்ல மருந்து.

புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளவர்களின் வாயில் முதலில் தோன்றும் வெள்ளை, சிவப்புத் திட்டுகள் பெரும்பாலும் வலிப்பதே இல்லை என்பதுதான் கொடுமை. சிகிச்சை முடிந்து அடங்கிய வலி மறுபடி தலைதூக்கினால், மாத்திரை போட்டு நாள் கடத்தாமல் அதே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். திரும்ப வரும் கட்டி கண்ணுக்குத் தெரியுமுன் வலி வந்துவிடுவது உண்டு.