அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தேன்: முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

2025 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வீட்டு வரவேற்பறையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது முந்தின நாள் மாலை ஏழு மணி. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல ஒரே நேரத்தில் முடிவுகளை வெளியிடும் நேரம் அது. பத்து நிமிடத்துக்குள் நான்கு ‘வருந்துகிறோம்’ வந்துவிட்டன. அம்மா தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

படிவம் ஐந்திலும் ஆறிலும் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் இப்போது என்னிடம், “அக்கா, அமெரிக்காவுக்கு எப்படி விண்ணப்பிப்பது?” என்று கேட்கிறார்கள். இடம் கிடைத்துப் போனவர்கள் எழுதும் கட்டுரைகள் நிறைய உண்டு. இது, போகாதவள் எழுதுவது.

நான் கிள்ளானில் வளர்ந்தவள். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்மொழி இடைநிலைப்பள்ளி, அங்கேயே படிவம் ஆறு. அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறார். எங்கள் பள்ளியிலிருந்து அமெரிக்காவுக்கு யாரும் விண்ணப்பித்ததாக ஆசிரியர்களுக்கு நினைவில்லை. ஆலோசக ஆசிரியர் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும், மதிப்பெண் சான்றுகளை அவரே இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றெல்லாம் நான்தான் அவருக்கு விளக்கினேன். பாவம், மூன்று நாள் மதிய இடைவேளையை எனக்காக விட்டுக்கொடுத்தார்.

பெரும்பாலான கல்லூரிகளுக்கு ‘காமன் ஆப்’ என்ற ஒரே படிவம் போதும். அதன் முதல் பக்கத்திலேயே நான் திணறினேன். முதல் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கடப்பிதழில் என் பெயர், நடுவில் ‘ஏ/பி’, அப்பா பெயர் எல்லாம் ஒரே வரி. எஸ்.ஏ.டி. தேர்வுக்கு ஒரு மாதிரியும் விண்ணப்பத்தில் வேறு மாதிரியும் எழுதிவிட்டு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்தது கட்டுரை. அதிகபட்சம் 650 சொற்கள். தமிழ்ப்பள்ளியில் முன்னுரை, கருத்துகள், முடிவுரை என்று எழுதிப் பழகியவள் நான். இடைநிலைப்பள்ளியில் மலாய்க் கட்டுரைக்கும் அதே அச்சுதான். ‘தலைமைத்துவமும் நானும்’ என்ற பாணியில் ஒன்றை எழுதி ஆங்கில ஆசிரியையிடம் காட்டினேன். படித்துவிட்டு, “இதில் நீ எங்கேம்மா இருக்கிறாய்? யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதே” என்றார். அன்று கோபம்தான் வந்தது. பிறகு அம்மாவின் முறுக்கு வியாபாரக் கணக்கைப் பன்னிரண்டு வயதிலிருந்து நான் 555 புத்தகத்தில் எழுதி வந்ததைப் பற்றி எழுதினேன். யார் கடன் சொன்னார்கள், யார் தீபாவளி முடிந்தும் தரவில்லை, எந்த வீட்டுக் கடனை அம்மா வேண்டுமென்றே அடித்துவிடச் சொன்னார் என்பதெல்லாம் அதில் வந்தது. என் விண்ணப்பத்தில் எனக்குப் பிடித்த பகுதி இன்றைக்கும் அதுதான்.

புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பத்து இடம் தருவார்கள். என்னிடம் வலைப்பந்து, செம்பிறைச் சங்கம், தமிழ்மொழிக் கழகம் தவிர வேறில்லை. வீட்டுப் பொறுப்புகளையும் அதில் எழுதலாம், அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்பதைத் தாமதமாகத்தான் பார்த்தேன். தம்பியைப் பார்த்துக்கொண்டதும் முறுக்குக் கணக்கும் அதில் சேர்ந்தன. நம்மில் பலர் இதை ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் உழைத்தால் முடிகிற வேலை. என்னை உட்கார வைத்தது பணப் பகுதி.

தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். நான் விண்ணப்பித்தபோது நம் கணக்கில் அது மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் ரிங்கிட் அளவு. உதவி கேட்பவர்களிடம் பல கல்லூரிகள் ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’ என்ற இன்னொரு படிவத்தைக் கேட்கின்றன. அதற்கும் கட்டணம் உண்டு: முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். குடும்ப வருமானம், சேமிப்பு, வீட்டுக் கடன் பாக்கி எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்டதே இல்லை. அது கேட்கக்கூடாத கேள்வி. விண்ணப்பத் தேதி முடிய ஐந்து நாள் இருந்தபோதுதான் கேட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினார். சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமநிதிக் கணக்கு, வங்கிக் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. நடுவில் ஓர் அடகுக்கடைச் சீட்டும் இருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பணம் கட்டிய வாரம் அது. “அதை எழுத வேண்டாம்” என்றார் அப்பா. நான் எழுதவில்லை. சிறப்புச் சூழ்நிலைகளை விளக்க அந்தப் படிவத்தில் தனி இடமே இருக்கிறது. அதையாவது பயன்படுத்தியிருக்கலாம்.

கடைசியில், குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்ற கேள்வி வந்தது. அப்பா வெகுநேரம் யோசித்து, “மாதம் ஆயிரம் வெள்ளி” என்றார். ஆண்டுக்கு 2,700 டாலர் என்று எழுதினேன்.

அந்த எண் என்ன செய்யும் என்று அப்போது எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின் போன்ற சில நிறுவனங்கள் மட்டுமே வெளிநாட்டு மாணவர் பணம் கேட்பதைப் பார்க்காமல் தேர்வு செய்கின்றன. ஆனால் ஹார்வர்ட் போன்ற இடத்தில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் இடம். மற்ற பெரும்பாலான கல்லூரிகளில் நாம் எவ்வளவு உதவி கேட்கிறோம் என்பதும் முடிவைப் பாதிக்கும். அதிகம் கேட்டால் வாய்ப்பு குறையும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெளிநாட்டவருக்குத் தேவை அடிப்படையிலான உதவி அநேகமாகக் கிடையாது. அமெரிக்க அரசின் மாணவர் உதவித் திட்டமும் நமக்கு இல்லை.

கல்விக் கண்காட்சி ஒன்றில் சந்தித்த முகவர் ஒருவர், “எண்ணைக் கூட்டிப் போடு, இடம் கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அப்படிப் போட்டால் என்ன ஆகும்? விசாவுக்குத் தேவையான ஐ-20 ஆவணத்தைப் பெறவே முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னாளில் உதவி தருவதில்லை என்ற விதியும் பல கல்லூரிகளில் உண்டு. அவர் பேச்சைக் கேட்காதது நான் சரியாகச் செய்த ஒரு காரியம்.

ஆனால் என் பட்டியலே தவறு. ஒன்பது இடங்களில் ஐந்து, பெயருக்காகப் போட்டவை. இரண்டு, உதவியே தராத அரசுப் பல்கலைக்கழகங்கள். வெளிநாட்டவருக்கு உண்மையில் பணம் தரும் சிறிய கல்லூரிகள் இரண்டுதான் இருந்தன. 2,700 என்ற எண்ணை முதலில் தெரிந்துகொண்டிருந்தால் பட்டியலைத் தலைகீழாகப் போட்டிருப்பேன்.

ஆறு மறுப்பு, ஒரு காத்திருப்போர் பட்டியல், இரண்டு அனுமதி. ஓர் அரசுப் பல்கலைக்கழகம் உதவி இல்லாமல் இடம் தந்தது. ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரி ஆண்டுக்கு 45,000 டாலர் தர முன்வந்தது. அதைக் கழித்தாலும் 30,000 டாலர் பாக்கி. அப்பா, “வீட்டை மறுபடியும் கடனுக்கு வைக்கலாம்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வங்கிக்கே போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். பதில் சொல்ல மே 1 வரை நேரம் இருந்தது. ஏப்ரல் 29 இரவு, வேண்டாம் என்று நானே பதில் அனுப்பினேன். அப்பாவிடம் மறுநாள்தான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளியியல் படிக்கிறேன். அறிவியல் துறைகள் பலவற்றில் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டணத்தோடு உதவித்தொகையும் தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உண்டு. அந்த வழி எனக்கு இன்னும் திறந்திருக்கிறது. கோலாலம்பூரில் மேசி எனப்படும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தில் இதற்கெல்லாம் ஆலோசனை கேட்கலாம். முகவரைப் பார்ப்பதற்கு முன் நான் அங்கே போயிருக்க வேண்டும்.

தம்பி இப்போது படிவம் ஐந்தில் இருக்கிறான். கணினி படிக்க அவனுக்கும் அமெரிக்கா வேண்டுமாம். போன வாரம் ஒரு புதிய 555 புத்தகத்தில் பட்டியல் போடத் தொடங்கினான். முதல் வரியில் எம்.ஐ.டி. என்று இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி இடம் விடச் சொன்னேன். அன்று இரவு அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு முடிக்கும் வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு தம்பிதான் கேட்டான்.