வில்லன் என்றொரு பண்ணையாள்: பழைய ஆங்கிலச் சொற்களும் நம் பெயரும்



இந்த நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது சில ஆங்கிலச் சொற்களின் பழைய அர்த்தங்களை. களத்தில் நிற்கிறவர்களுக்கு அகராதி எதற்கு என்று தோன்றலாம். யார் ஆண்டார்கள், யார் உழைத்தார்கள் என்ற கணக்கு நிலப்பதிவேட்டில் மட்டும் இல்லை, அகராதியிலும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நமக்குத் தேவையான வேலைதான்.

நம் எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்றிலிருந்து தொடங்குவோம்: வில்லன். லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை. பண்ணையில் உழைத்தவரைக் குறிக்க அதிலிருந்து பிறந்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இடைக்கால இங்கிலாந்தில் 'வில்லின்' என்பது ஒரு சட்டநிலை. அந்த மனிதர் பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளுக்குத் திருமணம் செய்யப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். தன் நிலம் பற்றிய வழக்கில் பிரபுவுக்கு எதிராக மன்னரின் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. தஞ்சைப் பண்ணையாள்களின் வரலாறு படித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்தப் பண்ணையாளைக் குறித்த சொல்தான் கொடியவனைக் குறிக்கும் சொல்லாக மாறியது. பண்ணையாள் கொடுமை செய்ததால் அப்படி மாறவில்லை. கொடுமைக்கு ஆளானவர் அவர். ஆனால் எழுத்தும் நீதிமன்றமும் பிரபுவின் பக்கம் இருந்தன. பிரபுவின் கண்ணில் பட்ட பண்ணையாள்தான் அகராதிக்குள் போனார்.

இது தனித்த ஒரு சொல்லின் கதை இல்லை. 'சர்ல்' என்பது பழைய ஆங்கிலத்தில் பிரபு அல்லாத சாதாரண மனிதர். பின்னாளில் அது நாகரிகம் தெரியாதவர் என்றானது. 'பூர்' என்றால் உழவர். அதுவும் முரட்டு ஆள் என்றானது. 'நேவ்' என்றால் முதலில் சிறுவன், பிறகு வேலைக்காரப் பையன், கடைசியில் அயோக்கியன். சீட்டுக்கட்டில் ராஜா, ராணிக்குக் கீழே நிற்கும் ஜாக்குக்கும் இதுதான் பழைய பெயர்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 'ஜென்டில்' என்றால் முதலில் நல்ல குலத்தில் பிறந்தவர் என்று அர்த்தம். இன்று மென்மையானவர். 'ஜெனரஸ்' என்பதும் உயர்குடிப் பிறப்பைக் குறித்த சொல்தான். இன்று தாராள மனம் கொண்டவர். உழைத்தவரின் பெயர் வசையாகவும் உடைமையாளரின் பெயர் நற்குணமாகவும் மாறியிருக்கின்றன. பிறப்பைக் குணமாக்கிக் காட்டும் இந்த வேலை நமக்குப் புதிதா? கோபம் வந்தால் 'சண்டாளா' என்று திட்டுகிறவர், தருமநூல்கள் ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சூட்டிய பெயரைத்தான் சொல்கிறார்.

இப்போது நம்மை நேரடியாகத் தொடும் சொல்லுக்கு வருவோம். பறையர் என்ற நம் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் 'பரையா' என்று இடம்பெற்றுவிட்டது. பிறகு எந்தச் சமூகத்திலும் ஒதுக்கி வைக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக அது விரிந்தது. காலனிய ஆங்கிலத்தில் தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அதை அடைமொழியாக வைத்தார்கள். உலக நாடுகள் ஒதுக்கிய அரசை 'பரையா அரசு' என்று ஆங்கில நாளேடுகள் இன்றும் எழுதுகின்றன.

"இது வெறும் ஆங்கிலச் சொல், வில்லன் மாதிரி. பழைய அர்த்தம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த இடத்தில்தான் நாம் தெளிவாக இருக்க வேண்டும். 1381இல் இங்கிலாந்தின் உழவர்கள் கிளர்ந்தெழுந்து பண்ணையடிமை முறையை ஒழிக்கச் சொன்னார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஆனாலும் அந்த முறை அடுத்த நூற்றாண்டுகளில் படிப்படியாக மறைந்தது. இன்று எந்தக் குழந்தையும் வில்லினாகப் பிறப்பதில்லை. அந்தச் சொல் இப்போது யார்மீதும் போய் விழாது. பரையா அப்படியில்லை. அந்தப் பெயருக்கு உரிய மக்கள் உயிரோடு இருக்கிறார்கள். அதன் பேரால் சேரி இருக்கிறது, தனிச் சுடுகாடு இருக்கிறது. பழைய அர்த்தம் நமக்கு இன்னும் பழையதாகவில்லை.

'ஸ்கேவஞ்சர்' என்ற சொல்லும் இப்படி ஒரு பாடம் சொல்கிறது. இடைக்கால லண்டனில் அது ஓர் அதிகாரியின் பெயர். வெளியூர் வணிகர்கள் விற்பனைக்கு வைத்த சரக்குக்கு வரி வசூலித்தவர் அவர். தெருக்களின் சுத்தத்தை மேற்பார்க்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. பிறகு பெயர் மேற்பார்த்தவரிடமிருந்து கூட்டியவரிடம் இறங்கியது. மதிப்பும் சேர்ந்தே இறங்கியது. நம் நாட்டில் 1993லும் 2013லும் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த சட்டங்களின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. இங்கே அது பிறப்போடு கட்டப்பட்ட வேலை. தோட்டி போய்த் துப்புரவுப் பணியாளர் வந்தது, இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறோம். மரியாதையான பெயர் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயர் மாறி, அதே சாதியின் பிள்ளைகளே சாக்கடைக்குள் இறக்கப்பட்டால், புதுப் பெயரும் கொஞ்ச நாளில் வசையாகிவிடும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்டதை முகப்பில் தாங்கி நின்றார். அயோத்திதாசர் அந்தப் பெயரை மறுத்தார். 1907இல் தொடங்கிய தம் இதழுக்குத் தமிழன் என்ற அடையாளத்தைச் சூட்டினார். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922இல் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயர் ஏற்கப்பட்டது. வழிகள் வேறு வேறு. ஆனால் நம்மை என்ன பெயரால் அழைப்பது என்பதை நாமே முடிவு செய்வோம் என்பதில் மூவரும் ஒன்றாக நின்றார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களே, ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டால் அதன் அர்த்தத்தோடு நின்றுவிடாதீர்கள். யார் யாரை அப்படி அழைத்தார்கள், அப்போது நிலம் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். களத்தோழர்களே, ஒரு வசைச்சொல்லைத் தடைசெய்யக் கோரும்போது அதைத் தாங்கி நிற்கும் வேலையையும் குடியிருப்பையும் சுடுகாட்டுப் பாதையையும் சேர்த்தே கோருங்கள். வில்லனின் பழைய அர்த்தத்தை இங்கிலாந்து மறக்க முடிந்தது, அங்கே வில்லின் இல்லாமல் போனதால்தான். நம் சொற்களும் அப்படிப் பழையதாகும் நாள் வரை நமக்கு வேலை இருக்கிறது.

ஜெய்பீம்.