ஜீப்புக்குள் ஒரு விளக்கு

யுத்த காலத்தில் இரவில் வாகனத்தில் போன எவருக்கும் இது நினைவிருக்கும். சோதனைச் சாவடி தெரிந்ததும் முன்விளக்கைத் தணித்து, உள்விளக்கைப் போட வேண்டும். உள்ளே எத்தனை பேர், மடியில் என்ன என்பதெல்லாம் சென்றியில் நிற்பவருக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும். எங்கள் வாப்பாவின் பழைய லாண்ட் றோவரில் உள்விளக்கே இருக்கவில்லை. உம்மாவை இறக்காமத்திலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஓர் இரவு, நான் டோர்ச்சை உம்மாவின் முகத்துக்கும் என் முகத்துக்கும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டே போனேன். கை நடுங்கி வெளிச்சம் விலகினால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் உம்மாவின் வருத்தம்கூட மறந்துபோயிற்று.

2009இல் யுத்தம் முடிந்தது. வாப்பா மௌத்தான பிறகு ஜீப் ராத்தாவின் பொறுப்புக்கு வந்தது. யுத்தத்தில் மாப்பிள்ளையை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர் அவர். பசளை மூடை, வாடிக்குச் சாப்பாடு, களை பிடுங்கப் போகும் பெண்கள் என்று வட்டைக்கு ஓடும் ஹயர்தான் இன்றும் அவர் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. மகன் ஓட்டுகிறார். மஃரிபுக்குப் பின் திரும்பும் நாட்களில் உள்ளே கும்மிருட்டு. ஏறும்போது மண்வெட்டியில் கால் படும். கூலிக் காசை எண்ண முடியாது. ஒருமுறை ஒரு பிள்ளையின் செருப்பைத் தேடப்போய் அரை மணித்தியாலம் யானை வரும் பாதையில் நின்றிருக்கிறார்கள்.

மகன் டவுனில் ஓர் எல்.ஈ.டி. விளக்கு வாங்கி வந்து கராஜில் பூட்டக் கொடுத்தார். விளக்கு எரியவில்லை. வேறொன்று வாங்கினார்கள், அதுவும் எரியவில்லை. “வயரிங் முழுக்கப் போச்சு, இதுக்குச் செலவழிக்கிறதவிட வித்துப்போடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். பெண் கையில் வாகனம் இருந்தால் இந்த ‘வித்துப்போடுங்க’ எத்தனை தடவை காதில் விழும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ராத்தா விற்கவில்லை. “டோர்ச்சுல பற்றரியத் திருப்பிப் போட்டா எரியாதுதானே, அந்த ரெண்டு வயரையும் மாத்திப் புடிச்சிப் பாரு மனே” என்றார். மாற்றிப் பிடித்ததும் எரிந்தது.

காரணம் இதுதான். இன்றைய வாகனங்களில் பற்றரியின் மைனஸ் முனை பொடியுடன் இணைந்திருக்கும். ஆனால் 1948இல் அறிமுகமான லாண்ட் றோவரில், 1960களின் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளில், பிளஸ் முனைதான் பொடியுடன் இணைந்திருந்தது. பழைய இழை மின்குமிழுக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒன்றுதான். எல்.ஈ.டி. அப்படியல்ல. அது மின்சாரத்தை ஒரு பக்கமாகத்தான் விடும். எனவே எந்தப் பழைய ஜீப்பிலும் கைவைக்கும் முன், பற்றரியின் எந்த முனையிலிருந்து தடித்த வயர் பொடிக்குப் போகிறது என்று பாருங்கள். முனையின் பக்கத்தில் + அல்லது – குறி இருக்கும். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் வண்டியின் வருடத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. பற்றரி 6 வோல்ற்றா, 12 வோல்ற்றா என்பதையும் பார்க்க வேண்டும். யுத்த கால வில்லிஸ் ஜீப்புகள் 6 வோல்ற்றில் ஓடியவை.

எங்கள் ஜீப்பில் கடைசியில் வண்டியின் பற்றரியையே தொடவில்லை. பழைய டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது அநேகமாகச் சார்ஜ் கொடுக்காது. வட்டையில் நிறுத்தி விளக்கைப் போட்டு வைத்தால், பிறகு வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டி வரும். அதனால் யூ.பி.எஸ். பெட்டிகளில் வரும், 12 வோல்ற், 7 அம்பியர்-மணி மூடிய பற்றரி ஒன்றைத் தனியாக வாங்கினோம். விளக்கின் இரண்டு வயர்களும் நேரே இந்தப் பற்றரிக்கே போகின்றன, பொடியைத் தொடுவதில்லை. பிளஸ், மைனஸ் குழப்பமும் அத்தோடு தீர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். 3 வாட் எல்.ஈ.டி. விளக்கு 12 வோல்ற்றில் கால் அம்பியர் இழுக்கும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் வற்ற விட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால், பாதியை, அதாவது மூன்றரை அம்பியர்-மணியை, மட்டும் எடுத்தால் 14 மணித்தியாலம் எரியும். அதே பற்றரியில் 21 வாட் இழை மின்குமிழைப் போட்டால் 2 மணித்தியாலம்தான். வீட்டுக் கூரையில் வைத்த 10 வாட் சூரியத் தகடு, சார்ஜ் கட்டுப்படுத்தியுடன், நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் அதை நிரப்பிவிடுகிறது. வெள்ளை எல்.ஈ.டி. பிறந்ததே 1990களில் நீல எல்.ஈ.டி. வந்த பிறகுதான். அதை உருவாக்கிய மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இரவில் என் கையில் இருந்த டோர்ச் அதற்கு முந்திய வகை.

பூட்டும்போது பியூஸை மறக்காதீர்கள். பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 2 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்க வேண்டும். வயர் உரசித் தேய்ந்து இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் இந்தச் சின்னப் பற்றரியே வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும், சீற்றில் தீப்பிடிக்கும். தகட்டில் ஓட்டை போட்டு வயரை விடும் இடத்தில் றப்பர் வளையம் போடுங்கள். பற்றரி உருளாதபடி பெல்ட் கட்டி இறுக்குங்கள், அதன் மேல் சாவியோ ஆணியோ விழ இடம் வைக்காதீர்கள்.

காந்தத்தால் ஒட்டும் டோர்ச் விளக்குகளை நாங்களும் வாங்கி ஏமாந்தோம். லாண்ட் றோவரின் பொடி பெரும்பாலும் அலுமினியம், காந்தம் பிடிக்காது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அப்படிச் செய்தார்கள். திருகாணிதான் வழி. சிறிய பேனா பற்றரி விளக்கு என்றால், பாவிக்காத மாதங்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் கசிந்து உள்ளே அரித்துவிடும்.

விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் பெரிய சண்டை. மகன் கூரை நடுவில் கேட்டார். அங்கே வைத்தால் முன்கண்ணாடியில் வெளிச்சம் திரும்பியடித்து ரோடு தெரியாது. இப்போது பின்பக்கம் ஒன்று, சீற்றுக்குக் கீழே தரையைப் பார்த்தபடி ஒன்று. சுவிட்ச் பின்கதவுக்குப் பக்கத்தில், ஏறும் பெண்ணின் கைக்கு எட்டும் உயரத்தில். ஓடும்போது பின்விளக்கை அணைத்துவிடுவார்கள்.

ராத்தா அதையும் எப்போதும் அணைப்பதில்லை. பழைய சாவடி இருந்த வளைவு வந்தால், அங்கே இப்போது ஒன்றும் இல்லாவிட்டாலும், கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது. மகன் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை. போன கிழமை இரண்டு பேருமாகப் பிரேக் லைட்டைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், அதற்கும் எல்.ஈ.டி. போடலாமா என்று.