குறும்பட விழாக்களில் பன்னாட்டுப் படத்தெரிவும் பார்வையாளர் மொழியும்: ஜவ்வாது மலையை முன்வைத்து

முன்னுரை

பல நாட்டுக் குறும்படங்களைத் தெரிவு செய்து வரிசைப்படுத்துதல் தரம் பிரிக்கும் பணி மட்டுமன்று. எவருடைய வாழ்க்கை திரைக்கு வரவேண்டும், அதனை எவர் புரிந்துகொள்ள இயலும் என்பவற்றையும் அதுவே முடிவு செய்கின்றது. எனவே நாடுகளின் எண்ணிக்கை ஒன்றே விழாவின் பன்முகத்தன்மைக்கு அளவுகோலாகாது.

நுழைவு விதி

மும்பைப் பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழாவை ஃபிலிம்ஸ் டிவிஷன் 1990இல் தொடங்கியது. 2004ஆம் ஆண்டு விழாவிற்கு இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டபோது இயக்குநர்கள் எதிர்த்தனர். விதி கைவிடப்பட்டது, ஆயினும் 2002 குஜராத் வன்முறையைப் பற்றிய ராகேஷ் சர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ உள்ளிட்ட படங்கள் தெரிவில் இடம்பெறவில்லை. அவற்றைத் திரையிட ‘விகல்ப்’ என்னும் மாற்று விழா எழுந்தது. அயல்நாட்டுப் படங்களால் பட்டியல் நிறைந்திருந்தும் உள்நாட்டுக் குரல்கள் விடுபடலாம் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

மொழிப்பாலம்

அயல்மொழிப் படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத் துணையுரையுடன் வருகின்றன. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயர் எவ்வாறிருப்பினும், தமிழ் பேசுவோர். ஜமுனாமரத்தூர் போன்ற மலையூரில் திரையிடும்பொழுது ஆங்கிலத் துணையுரை பலருக்குப் பயன்படாது.

உரையாடலற்ற படங்கள் இதற்கு ஒரு வழி. கனடாவில் நார்மன் மெக்லாரன் இயக்கிய ‘நெய்பர்ஸ்’ (1952) ஒரு பூவிற்காக மோதும் அண்டை வீட்டார் இருவரைக் காட்டுகின்றது. நெதர்லாந்தில் பெர்ட் ஹான்ஸ்ட்ரா இயக்கிய ‘கிளாஸ்’ (1958) கண்ணாடித் தொழிலாளரின் கைவினையை இயந்திரத்தோடு ஒப்பிடுகின்றது. ஆயினும் இத்தகையனவற்றையே தெரிவு செய்தால், பேசும் மனிதர்களின் படங்கள் மலையை எட்டா.

மற்றொரு வழி தமிழகத்திற்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளி இரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியையும் படங்களையும் வாங்கி, 1905 முதல் ஊர் ஊராகக் கொட்டகை அமைத்துத் திரையிட்டார். மௌனப்படக் காலத்தில் திரையருகே நின்று கதையை விளக்கியுரைப்போரும் இருந்தனர். அயல்நாட்டுப் படம் அவர்தம் வாய்மொழியால் உள்ளூர்ப் பார்வையாளரைச் சென்றடைந்தது.

முடிவுரை

தெரிவாளர் நுழைவு விதியால் விடுபடுவோரை முதலில் கண்டறிதல் வேண்டும். தமிழ்த் துணையுரையையோ நேரடி விளக்கவுரையையோ தெரிவின் பகுதியாகவே திட்டமிடுதல் வேண்டும். படம் தெரிவான பின்னர் மொழியைப் பற்றி எண்ணும் விழாவில், மலைவாழ் மக்கள் அரங்கில் அமர்ந்திருந்தும் பார்வையாளராகார்.