மீகூன் ஆறலாம், கெட்டுப்போகலாமா?

வெயிலில் வேலை முடித்து வந்தால் சூடான சோறு இறங்காது. இத்தாலிக்காரர்களின் பாஸ்தாவை அவித்து, ஆறவைத்து, காய்கறி கலந்து பெரிய ஓட்டல்களில் குளிரக் கொடுக்கிறார்கள். நமக்கு மீகூன் போதும், விலையும் குறைவு.

மீகூனை அவித்து வடித்து, கொதித்து ஆறின தண்ணீரில் அலசுங்கள். வெள்ளரிக்காய், கேரட், அவித்த முட்டை, வறுத்த கச்சான், லீமாவ் சாறு, கொஞ்சம் உப்பு. தௌகே போட்டால் கொதிநீரில் நன்றாக அவித்துப் போடுங்கள், தாய்மார்களே!

ஆனால் ஒன்று. மீகூனிலும் சோற்றிலும் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து அவித்தாலும் சாகாது. வெளியே வைத்தால் முளைத்து, பெருகி, விஷம் கக்கும். அந்த விஷம் சூடு பண்ணினாலும் போகாது. "காலையில செஞ்சதுதானே, சுட வச்சிக்கலாம்" என்பது இங்கே செல்லாது. இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது ஐஸ் பெட்டியில் வையுங்கள். தூக்குச் சட்டியில் வெளிக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பூஞ்சணம் இன்னும் மோசம். 1988 அக்டோபரில் நம் பேராக்கில் லோ ஷீ பான் என்ற அரிசி மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் ஈரல் கெட்டு இறந்தார்கள். பரிசோதனையில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண விஷம் தெரிந்தது. கச்சானிலும் இது வரும். பூஞ்சண வாடை அடித்தால் கழுவிப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

சாப்பிட்டபின் பிள்ளை வாந்தி எடுத்து, சோர்ந்து மயங்கினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள்.