பாலிஷ் எட்டாத இடங்கள்: பழைய ஐ20-க்குள் ஒரு ரகசிய உலா!

ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளை எலைட் ஐ20. அம்பத்தூர் பக்கத்து ஒர்க்‌ஷாப் இது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை இங்கே கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவார்கள். சோதனை முழுவதையும் கூடவே நின்று பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. வாருங்கள், நுழைவோம்!

அடடா, என்ன பளபளப்பு! டயர்கூடக் கறுகறுவென்று மின்னுகிறது. 2017 மாடல், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, 38,000 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்று கன்சல்டிங்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நம் மெக்கானிக் அண்ணன் இதில் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “பாலிஷ் போட்டவன் கை எதுவரைக்கும் போயிருக்கோ, அங்கேயிருந்து ஒரு சாண் தள்ளிப் பாருங்க தம்பி. கார் அங்கேதான் இருக்கு” என்கிறார். வித்தை மொத்தமும் இதற்குள் அடங்கிவிட்டது!

முதலில் பானெட். எஞ்சினைப் பார்ப்பார் என்று நினைத்தால், பானெட் கீலில் இருக்கும் போல்ட்டைப் பார்க்கிறார். கம்பெனியில் பாடியோடு சேர்த்துப் பெயிண்ட் அடித்த போல்ட் அது. ஸ்பேனர் பட்டிருந்தால் முனையில் பெயிண்ட் உரிந்திருக்கும். பானெட் போல்ட் கன்னி கழியாமல் இருக்கிறது. வலது ஃபெண்டர் போல்ட்டிலோ பளிச்சென்று ஒரு கீறல்! உடனே கைக்குள் அடங்கும் ஒரு மீட்டர் வெளியே வருகிறது. பெயிண்டின் தடிமனை மைக்ரானில் சொல்லும் கருவி. கம்பெனி பெயிண்ட் என்றால் பொதுவாக 80 முதல் 150 வரை காட்டும். இருநூறைத் தாண்டினால் மறுபடி பெயிண்ட் அடித்த இடம். ஐநூறு, ஆயிரம் என்று ஏறினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி பேசாது. இடது கதவு 112, கூரை 105, வலது ஃபெண்டர் 260. ஆக, ஃபெண்டர் கழன்று, மறுபடி பெயிண்ட் ஆகியிருக்கிறது.

அப்படியானால் வண்டி வேண்டாமா? “அதெல்லாம் இல்ல. சென்னையில ஃபெண்டர்ல கோடு விழாத வண்டி ஏது? உள்ளே போயிருக்கான்னு பாக்கணும்.” ஃபெண்டருக்குப் பின்னால் இருக்கும் ஏப்ரன், அதன் கீழே ஓடும் சைடு மெம்பர், கதவுகளுக்கு இடையே நிற்கும் பில்லர் ஆகியவைதான் வண்டியின் எலும்பு. கதவோரத்து ரப்பர் பீடிங்கைச் சர்ரென்று உருவுகிறார். உள்ளே வட்ட வட்டமாக, ஒரே இடைவெளியில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள்! ரோபோ வைத்த பொட்டு அது. அடிபட்டு டிங்கரிங் ஆன வண்டியில் இந்தப் புள்ளிகள் கோணல்மாணலாக இருக்கும், அல்லது பட்டிக்குள் மறைந்தே போயிருக்கும். இந்த ஐ20-யில் நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால் அடித்தகட்டிலும் சுருக்கமில்லை, துரு இல்லை. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பிறந்த எலும்பு இன்னும் அப்படியே!

அடுத்து வருவதுதான் என்னைத் துள்ளவைத்த காட்சி. சீட் பெல்ட்டை இழுக்கிறார், இழுக்கிறார், கடைசி முழம் வரை இழுக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. தண்ணீரில் நின்ற காரின் சீட்டைக் கழுவலாம், கார்பெட்டை மாற்றலாம். சுருளுக்குள் மடங்கியிருக்கும் பெல்ட்டின் கடைசிப் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது! சேற்றுக் கோடு அங்கேயே காய்ந்து கிடக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி மூலையில் வண்டல் என்று மற்ற சாட்சிகளும் உண்டு. இந்த வண்டியின் பெல்ட் சுத்தம். அப்பாடா!

இனி ஓட்டம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1421 என்றால் 2021-இன் பதினான்காவது வாரம் தயாரானது. நான்கு டயரிலும் அதே எண். நகரத்தில் நிதானமாக 38,000 ஓடிய வண்டிக்கு 2021-லேயே நான்கு டயரும் ஏன் மாறின? கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கியிருக்கிறது, ஸ்டீயரிங் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரின் பழைய ரெக்கார்டை ஓனர் மூலம் வாங்கிப் பார்த்தால், 2021 சர்வீஸிலேயே ஓட்டம் 52,000! மீட்டரைப் பின்னால் திருப்பியிருக்கிறார்கள். எலும்பு நல்ல வண்டிதான், ஆனால் சொன்ன விலை பொய்யான ஓட்டத்துக்கான விலை.

எஞ்சின் சோதனைக்கு ஒரே நிபந்தனை: முதல் ஸ்டார்ட் குளிர்ந்த எஞ்சினில் நடக்க வேண்டும். பானெட்டைத் தொட்டால் சுடுகிறதா? யாரோ முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. ஸ்கேனரும் மாட்டுங்கள், எரர்களை அழித்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் அதுவும் அதில் தெரிந்துவிடும்.

ஐ20 மட்டுமல்ல, அதன் போட்டி வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஃபோக்ஸ்வேகன் போலோ 2022-இல் நின்றுபோனாலும் அதன் ரசிகர்கள் ஓயவில்லை. பழைய 1.2 டிஎஸ்ஐ என்றால் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்; நெரிசலில் முதல் இரண்டு கியருக்குள் உதறுகிறதா என்று கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் வேறு வகை, ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர். எனக்கு அதுதான் பிடிக்கும். 2015-இல் வந்த ஹோண்டா ஜாஸின் சில வேரியண்ட்களில் பின்சீட்டின் அடிப்பகுதியையே மேலே மடக்கலாம். தரையைச் சோதிக்க இதைவிட வசதி கிடையாது! டாடா ஆல்ட்ராஸ் 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, ஆனால் அந்தப் பெருமை அடிபடாத ஆல்ட்ராஸுக்கு மட்டுமே பொருந்தும். பெலினோ தேடுகிறவர்கள் டொயோட்டா கிளான்ஸாவையும் பாருங்கள், 2019-இல் அறிமுகமான அது பெலினோவேதான்.

விலை பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசி வரையிலான புதிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. ஓனர் அன்று கொடுத்த பழைய பில்லை நீட்டுவார். நீங்கள் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து கணக்குப் போடுங்கள்.

பேப்பர் வேலை சுருக்கம்தான். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் இருந்தால் படிவம் 35-உம் வங்கியின் என்ஓசியும் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், காரோடு வராது.

டோக்கன் பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்க மெக்கானிக்கிட்ட கொண்டுபோய் லிஃப்ட்ல ஏத்திப் பாக்கலாமா?” சரி என்றால் பேச்சைத் தொடருங்கள். மறுத்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.